மரை பிடிக்காத துளை

புதுச்சேரி நெல்லித்தோப்பு வீடொன்றில் அலமாரிக் கீலின் ஸ்க்ரூ கழன்றால் கதவு கொஞ்சம் தொங்கும், அவ்வளவுதான். பெருங்கடலில் போகும் பாய்மரப் படகின் அறைக்குள் அதே ஸ்க்ரூ கழன்றால், படகு சாயும்போது அலமாரியில் உள்ளதெல்லாம் ஆள் மேல் வந்து விழும். கடற்படை அதிகாரிகளான புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்கள். படகில் அவர்கள் இருவர் மட்டுமே. அத்தகைய பயணத்தில் மாலுமிதான் தச்சரும்.

கெட்டியான மரத்தில் ஸ்க்ரூ ஏன் தளர்கிறது? மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகச் சொற்பம், குறுக்குவாக்கில் அதிகம். ஈரத்துக்கு உலோகம் உப்புவதில்லை. அதனால் மழைக்காலத்தில் உப்பிய மரம் ஸ்க்ரூவின் மரையோடு மோதி நசுங்குகிறது. கோடையில் சுருங்கும்போது நசுங்கிய நார் பழைய நிலைக்கு மீள்வதில்லை. அங்கே இடைவெளி விழுகிறது. படகின் ஓயாத அதிர்வு அதைப் பெரிதாக்குகிறது. இரும்பு ஸ்க்ரூவானால் உப்புக்காற்றில் துருவும் ஏறும். துருவிலிருந்து ஊறும் இரும்பு, சுற்றியுள்ள மரத்தையே உளுத்துப்போகச் செய்யும்.

தீக்குச்சியைப் பசையில் தோய்த்துத் துளையில் திணிப்பது நம் வீட்டு வைத்தியம். மரை கடிப்பதற்குப் புது நார் கிடைப்பதால் அது பலிக்கிறது. ஆனால் குச்சியின் நார் ஸ்க்ரூவின் போக்கிலேயே ஓடுவதால் பிடிப்பு குறைவு. சாதாரண வெள்ளைப் பசையோ ஈரத்தில் இளகிவிடும்.

படகுக்காரர்கள் வேறு வழியில் போகிறார்கள். முதலில் துளையைப் பெரிதாக்கி, நைந்த நாரையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள். நன்றாக உலர்த்தியபின் நீர்த்த எபாக்சிப் பசையைத் தடவி, மரம் அதைக் குடிக்க விடுகிறார்கள். பிறகு சிலிக்கா தூளோ பஞ்சு இழையோ கலந்து கெட்டியாக்கிய எபாக்சியை நிரப்புகிறார்கள். அது முழுதாக இறுகியதும் நடுவில் சிறு துளையிட்டு ஸ்க்ரூவை முடுக்குகிறார்கள். சுமை இப்போது மெல்லிய மரையை ஒட்டிய நாரோடு நிற்காமல், அகன்ற பரப்பில் பரவி நல்ல மரத்தைச் சேர்கிறது.

நம் ஹார்டுவேர் கடைகளில் இரண்டு குழாய்களாகக் கிடைக்கும் அரால்டைட்டும் எபாக்சிதான். 1940களில் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. இரண்டையும் கலந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, மீண்டும் உருகாத வலையாகின்றன. அப்போது வெப்பமும் வெளிப்படும். வெப்பம் கூடக்கூட வினையின் வேகமும் கூடும். எனவே புதுச்சேரி வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கவேண்டும்.

முன்பு ஸ்க்ரூ இல்லாமலே, சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் கயிற்றால் பிணைத்தார்கள். மசூலாப் படகின் பலகைகளைத் தைத்தார்கள். அலை அடிக்கும்போது அந்த இணைப்புகள் நெகிழ்ந்து கொடுத்தன. ஸ்க்ரூவுக்கு அந்த நெகிழ்வு இல்லை. அதைச் சுற்றியுள்ள மரம்தான் எல்லாவற்றையும் தாங்கவேண்டும்.

ஆகவே உங்கள் வீட்டில் கீல் ஆடினால், உடனே பெரிய ஸ்க்ரூவைத் தேடாதீர்கள். நைந்ததை நீக்கி, உலர்த்தி, முதலில் மரத்தைத் தேற்றுங்கள். பழைய ஸ்க்ரூ துருப்பிடிக்காமல் இருந்தால் அதுவே போதும்.