ஹனோய் டாக்ஸிக்குக் கிடைத்த கூரை

விமானத்தின் வயதை வருடக் கணக்கில் பார்ப்பதில்லை. எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை முறை தரையிறங்கியது, எவ்வளவு கனம் சுமந்தது என்பதுதான் அதன் ஜாதகம். அமெரிக்க விமானப்படையின் சி-141 ஸ்டார்லிஃப்டர் சரக்கு விமானத்துக்கு முதலில் எழுதப்பட்ட ஆயுள் 30,000 பறப்பு மணி. பிறகு அதை 45,000 வரை நீட்டினார்கள். அந்தக் கூடுதல் ஆயுளின் பாரம் இறக்கைகளில் விழுந்தது.

ராணுவச் சரக்குக்கென்றே ஜெட் இன்ஜினோடு வடிவமைக்கப்பட்ட முதல் விமானம் இது. 1963 டிசம்பர் 17 அன்று, ரைட் சகோதரர்கள் பறந்த நாளின் அறுபதாம் ஆண்டு நிறைவில், முதன்முதலாக வானேறியது. ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஒரு குறை தெரிந்தது. தூக்கக்கூடிய எடையை எட்டும் முன்பே உள்ளே இடம் தீர்ந்துவிடுகிறது! ஆகவே 1970களின் பிற்பகுதியில் தொடங்கி 1982 வரை 270 விமானங்களை ஜார்ஜியா மாநிலத்தின் மாரியட்டா தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து, உடலை அறுத்து, இறக்கைக்கு முன்னும் பின்னுமாகத் துண்டுகளைச் செருகி 7.1 மீட்டர் நீளமாக்கினார்கள். புதிதாக 90 விமானங்கள் வாங்கியதற்கு இது சமம் என்று கணக்குச் சொன்னார்கள். வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளும் வசதியையும் சேர்த்தார்கள். கஞ்சத்தனத்தில் பிறந்த அருமையான பொறியியல்.

ஆனால் உலோகம் எதையும் மறப்பதில்லை. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது, இறங்கியதும் கீழே தாழ்கிறது. ஒருமுறை வளைத்தால் ஒன்றும் ஆகாத இரும்புக் கம்பி, திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துபோகிறதே, அதே கதைதான். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். விரிசல் எங்கே தொடங்கும்? பெரும்பாலும் ஒரு துளையின் விளிம்பில். இழுவிசைக்கு உள்ளாகும் தகட்டில் வட்டத் துளை ஒன்று இருந்தால், அதன் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகிறது. சி-141இன் இறக்கைதான் அதன் எரிபொருள் தொட்டி. உள்ளே நெடுக ஓடும் விறைப்பு விளிம்புகளில், எரிபொருள் தாழ்வான இடத்துக்கு வடிந்து வருவதற்காகச் சிறு துளைகள் இட்டிருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்தத் துளைகளிலிருந்து விரிசல்கள் கிளம்பின. பெரும்பாலான ஸ்டார்லிஃப்டர்களுக்குப் பறப்புக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

ஒட்டுப்போட ஆணி அடித்தால் இன்னும் துளைகள் வேண்டும், அவற்றில் இன்னும் விரிசல்கள் வரும். ஆகவே போரான் இழை கலந்த தகடுகளைப் பசைகொண்டு ஒட்டினார்கள். ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வகம் வளர்த்தெடுத்த முறை அது. ஒட்டிய விமானங்கள் மறுபடி பறந்தன. ஆனாலும் ஓய்வு நெருங்கிவிட்டது என்பது எல்லோருக்கும் புரிந்தது. புதிய சரக்கு விமானமான சி-17 வரத் தொடங்கியதும் ஸ்டார்லிஃப்டர்கள் ஒவ்வொன்றாக அரிசோனாவின் டூசான் பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஓய்வுபெற்ற விமானங்களை நிறுத்த அங்குள்ள டேவிஸ்-மொந்தான் விமானப்படைத் தளத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. மழை குறைவு, காற்று வறண்டது, மண் கெட்டி. காங்கிரீட் போடாமலே கனத்த விமானங்களை நிறுத்தலாம். எரிபொருளை வடித்து, குழாய்களில் காப்பு எண்ணெய் ஓடவிட்டு, கண்ணாடிகளையும் இடுக்குகளையும் உரித்தெடுக்கக்கூடிய வெள்ளைப் பூச்சால் மூடுகிறார்கள். வெயிலை அது திருப்பி அனுப்பும். அடிப்பக்கத்தைத் திறந்தே விடுவார்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தங்கிவிடும். இத்தனை பக்குவமும் உதிரிப் பாகங்களுக்காகத்தான். கழற்ற வேண்டியதைக் கழற்றிய பிறகு மிச்சம் காயலான் கடைக்கு. 280க்கும் மேற்பட்ட ஸ்டார்லிஃப்டர்களில் அருங்காட்சியகங்களுக்குப் போனவை மிகச் சிலவே.

அவற்றில் ஒன்று 66-0177 என்ற எண் கொண்டது. 1973 பிப்ரவரி 12 அன்று, வியட்நாமில் சிறையிருந்த அமெரிக்கப் போர்க்கைதிகளின் முதல் குழுவை ஹனோயிலிருந்து ஏற்றிவந்தது அதுதான். நாற்பது பேர். பறப்புப் பொறியாளரின் கருவிப் பலகையில் ‘ஹனோய் டாக்ஸி’ என்று எழுதினார்கள். 2004இல் அதே விமானம் மீண்டும் ஹனோய்க்குப் போய், போரில் காணாமல்போன இரண்டு வீரர்களின் உடல் எச்சங்களைக் கொண்டுவந்தது. ஓட்டிச் சென்ற எட்வர்ட் மெக்கன்பியர், 1973இல் விடுதலையான கைதிகளில் ஒருவர். 2006 மே 6 அன்று அந்த விமானம் ஒஹாயோவின் டேட்டன் நகரிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குத் தானே பறந்துவந்து இறங்கியது. பணியிலிருந்த கடைசி சி-141 அது. உலோகத் தரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் வேறொன்று ஜெயித்திருக்கக்கூடும். ஏறி இறங்கிய மனிதர்களால் இது பிழைத்தது.

நின்ற விமானத்துக்குச் சோர்வு இல்லை, அரிமானம் உண்டு. அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. இறக்கைக்கு வலு தருவதற்காகத் துத்தநாகம் கலந்த உலோகக்கலவையில், ஈரம் புகுந்தால் படலம் படலமாக உரியும். எஃகு ஆணியும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் நனைந்தால், அலுமினியம்தான் கரையும். பறந்துகொண்டிருக்கும் விமானத்தைக் கழுவுவார்கள், பிரித்துப் பார்ப்பார்கள். நிறுத்திவைத்ததில் வடிகால் துளைகளைத் தூசி அடைக்கும், குருவி கூடு கட்டும், எச்சத்தின் அமிலம் பூச்சைத் தின்னும். காற்றிறங்கிய டயர் எடையில் சப்பையாகும் என்பதால் முட்டுக் கொடுக்க வேண்டும். சில பழைய விமானங்களில் சமநிலை எடையாக வைத்த யுரேனியத்தை முதலில் அகற்றியாக வேண்டும். ஹனோய் டாக்ஸியும் சில ஆண்டுகள் வெளியே நின்றது. 2016இல் டேட்டனில் 2,24,000 சதுர அடியில் நான்காவது கட்டடம் திறந்தபோதுதான் கூரைக்குள் இடம் கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் அப்படிக் கிடைக்காது. டெலவேர் மாநிலத்தின் டோவர் தளத்து அருங்காட்சியகத்துக்கு 2013இல் ஒரு சி-5ஏ சரக்கு விமானம் வந்தது. 1974இல் தன் பின்கதவு வழியே மினிட்மேன் ஏவுகணையைப் பாராசூட்டில் இறக்கி, அது நடுவானில் தீமூட்டிக் கிளம்பியதைக் காட்டிய அதே விமானம். நீளம் 75 மீட்டர். இவ்வளவு பெரிய கொட்டகை கட்டுவதென்றால் பல விமானங்களின் பராமரிப்புக் காசு அதற்கே போய்விடும். ஆகவே அது வெளியில்தான் நிற்கிறது, அதுவும் கடலோர மாநிலத்தின் ஈரக் காற்றில். அங்கே கழுவுவதும் பெயின்ட் அடிப்பதும்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும்.