பல்லுக்குக் கம்பி: தேவை எது, விருப்பம் எது?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பால் பற்கள் விழுந்து, நிலைத்த பற்கள் ஏறத்தாழ முளைத்துவிடுகின்றன. பெற்றோரின் கவலையும் அப்போதுதான் தொடங்குகிறது. 'க்ளிப் போட வேண்டும்' என்கிறார் பல் மருத்துவர். பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. ஒன்றரை, இரண்டு ஆண்டு அலைச்சல். வேண்டும் என்று தீர்மானிப்பவரும் அதைச் செய்து கட்டணம் பெறுபவரும் ஒருவரே. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னை உறுத்துவது இந்த இடம்தான். மருத்துவரின் நேர்மையை நான் ஐயுறவில்லை. தகவல் ஒரு பக்கமே குவிந்திருக்கும் சந்தையில், தேவையை அளக்கப் பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும் என்கிறேன்.

பிரிட்டனில் அது இருக்கிறது. புரூக், ஷா ஆகிய இருவர் 1989-இல் வெளியிட்ட 'பல் சீரமைப்புத் தேவைக் குறியீடு' அது. பல்லின் ஆரோக்கியத்தை அது ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைவிட 9 மில்லிமீட்டருக்கு மேல் முன்தள்ளியிருந்தால் ஐந்தாம் நிலை; 6-க்கு மேல் 9 வரை என்றால் நான்காம் நிலை. வரிசை பிசகிய பற்கள் ஒன்றுக்கொன்று 4 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தாலும் நான்காம் நிலைதான். குறைகளைக் கூட்டிப் பார்ப்பதில்லை. இருப்பவற்றுள் மிக மோசமான ஒன்றே நிலையைத் தீர்மானிக்கும். சிறு குறைகள் பத்துச் சேர்ந்து பெருங்குறையாகிவிடாது என்பதை உணர்ந்த நல்ல ஏற்பாடு இது.

தோற்றத்துக்குத் தனி அளவு உண்டு: அழகானதிலிருந்து அழகற்றது வரை வரிசைப்படுத்திய பத்துப் புகைப்படங்கள். இங்கிலாந்தில் நான்காம், ஐந்தாம் நிலையிலுள்ள பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அரசு மருத்துவச் சேவையில் இலவசச் சிகிச்சை கிடைக்கும். மூன்றாம் நிலையினருக்கோ, ஆறாம் படம் அல்லது அதனினும் மோசமான தோற்றம் இருந்தால்தான். அதற்குக் கீழே உள்ளோர் சொந்தச் செலவில் செய்துகொள்ளலாம்.

எத்துப்பல்லுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? விளையாடும்போது விழுந்தால் முதலில் உடைவது அதுதான். கோரைப்பல் முளைக்காமல் எலும்புக்குள் தங்கினால் பக்கத்துப் பல்லின் வேரை அரித்துவிடக்கூடும். கண்ணாடியில் தெரியாத இந்தக் குறைக்கும் ஐந்தாம் நிலை உண்டு. மாறாக, சற்றே கோணலான பல்லை நேராக்கினால் சொத்தையும் ஈறு நோயும் வாராது என்பதற்கு வலுவான சான்று இல்லை.

அழகை அளப்பதுதான் சிக்கல். 1986-இல் அமெரிக்காவில் உருவான 'பல் அழகியல் குறியீடு' பல்வரிசைகளின் படங்களுக்குப் பொதுமக்கள் தந்த மதிப்பீட்டின் மேல் எழுந்தது; 36-உம் அதற்கு மேலும் எடுத்தால் சிகிச்சை கட்டாயம் என்கிறது. மதிப்பிட்டவை அமெரிக்கக் கண்கள். நம் ஊரிலோ தெத்துப்பல் சிரிப்புக்கென்றே ரசிகர்கள் உண்டு!

அதற்காகத் தோற்றத்தை அற்பமெனத் தள்ளிவிடவும் முடியாது. வகுப்பில் பட்டப்பெயர் வாங்கி, வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கும் சிறுமியின் வேதனையை எந்த மில்லிமீட்டரும் சொல்லாது. ஆனால் அந்த வேதனை அவளுடையதா, தாயுடையதா என்று கேட்டாக வேண்டும். பிள்ளைக்கு மனமில்லாவிட்டால், கம்பியை எடுத்தபின் அணிய வேண்டிய தக்கவைப்புக் கருவியை அது அணியாது. பற்கள் பழைய இடத்துக்கே நகரத் தொடங்கும்.

கடன் வாங்கிக் கம்பி போட எண்ணும் குடும்பம் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். எத்தனை மில்லிமீட்டர்? எந்த நிலை? இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்?