பொரி உருண்டை போல ஒரு காந்தம்!

கார்த்திகை வந்தால் தஞ்சை வட்டாரத்து வீடுகளில் பொரி உருண்டை பிடிப்பார்கள். உதிரியாகக் கிடக்கும் பொரி, வெல்லப் பாகு சேர்ந்ததும் உருண்டை ஆகிவிடும்.

காந்தத்தையும் இப்படிச் செய்கிறார்கள்! பொரிக்குப் பதில் காந்தத் தூள். பாகுக்குப் பதில் உருகிய நைலான் பிளாஸ்டிக்.

ஏன் இந்த வேலை?

1980-களில் பிறந்தது நியோடிமியம் காந்தம். ஜப்பானில் மசாடோ சகாவா, அமெரிக்காவில் ஜான் குரோட் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அபார பலம்! ஆனால் தூளை அழுத்திச் சுட்டுச் செய்யும் காந்தம் பீங்கான் போல உடையும். மெல்லிய வளையம், பல்சக்கரம் செய்வது கஷ்டம்.

செய்வது எப்படி?

நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றையும் உருக்கி, வேகமாகச் சுழலும் செம்புச் சக்கரத்தின் மேல் பீச்சுவார்கள். கண் இமைப்பதற்குள் குளிர்ந்து, நாடா நாடாகச் சிதறும்.

அதைப் பொடித்து, நைலானுடன் சூடாகப் பிசைந்து, குருணை ஆக்குவார்கள். குருணையை இயந்திரம் உருக்கி அச்சுக்குள் தள்ளும். பிளாஸ்டிக் வாளி செய்வதும் இப்படித்தான். ஆறியதும் பலமான மின்காந்தத்தில் வைத்து எடுத்தால் காந்தம் தயார்! கார்களின் சிறு மோட்டார்களில் இது சுழல்கிறது.

குறையும் உண்டு. வெல்லம் இருக்கும் இடத்தில் பொரி இல்லை அல்லவா? அதுபோல நைலான் இருக்கும் இடத்தில் காந்த சக்தி இல்லை. எனவே பலம் குறைவு. தூளை அதிகம் சேர்த்தாலோ கலவை ஓடாது, அச்சு நிரம்பாது. கடும் சூடும் ஆகாது.

குமரி மணல்

நியோடிமியம் நம் கடற்கரையிலேயே இருக்கிறது! 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டார். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணல் அது. அதில் நியோடிமியமும் உண்டு; கதிர்வீச்சு உள்ள தோரியமும் உண்டு. அதனால் அரசின் கட்டுப்பாடு பலமாக இருக்கிறது.

மணல் இருந்தும், காந்தத்துக்குச் சீனாவையே பெரிதும் நம்பியிருந்தோம். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. இந்தியக் கார் தொழிற்சாலைகள் கலங்கின. அந்த ஆண்டு நவம்பரில் ரூ.7,280 கோடித் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 6,000 டன் சுட்ட காந்தம் செய்யும் ஆற்றலை உண்டாக்குவதே நோக்கம்.

நெல் நம்முடையது என்றால் மட்டும் போதுமா? பொரிக்கும் சட்டியும் நம் வீட்டில் இருக்க வேண்டும்!