முளைக்கத் தயங்கும் புல்விதை

காலபோகம் தொடங்கி வயல்கள் அடைபட்டதும் செட்டிகுளத்து மாடுகளுக்கு அரிதாள் மேய்ச்சல் நின்றுபோகிறது. காட்டோரங்களும் குளத்தோரத் தரவைகளுமே எஞ்சுவதால், மழை பெய்து நிலம் பசுமையாகும் மாதங்களிலேயே மேய்ச்சலுக்கு நெருக்கடி உண்டாகிறது. தரவைகளில் நாட்டுப் புற்களை விதைத்துப் பெருக்க முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் தடை விதை உறக்கம், அதாவது உயிருள்ள விதை ஈரமும் வெப்பமும் கிடைத்த பின்னரும் முளைக்காதிருக்கும் நிலை.

தமிழகத்தின் காங்கேயம் பகுதியில், கிளுவை வேலியிட்டு வெள்வேல மரங்களை வளரவிட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் செழிக்கும் கொழுக்கட்டைப் புல் இதற்குத் தக்க சான்றாகும். அதன் கதிரிலிருந்து உருவப்படுவது தனி விதையன்று. மெல்லிய முள்மயிர்கள் சூழ்ந்த சிறு கூடு. அதற்குள் உமி மூடிய மணி ஒன்றோ சிலவோ இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். உமியும் அதிலுள்ள தடைப்பொருள்களும் முளைப்பை மறிப்பதால், புதிதாக அறுத்த விதையில் பெரும்பகுதி மண்ணில் சும்மா கிடக்கும். பருவந்தவறிய ஒரு மழையை நம்பி முளைத்துக் கருகாதபடி புல்லைக் காக்கும் ஏற்பாடு இது என்பதால், இதனைக் குறை என்று சொல்வது பொருந்தாது.

விதைப் பரிசோதனைக் கூடங்களில் 0.2 விழுக்காட்டுப் பொட்டாசியம் நைத்திரேற்றுக் கரைசலால் ஈரமாக்கிய தாளில் விதையை வைத்து உறக்கத்தைக் கலைப்பர்; அமிலத்தால் உமியை அரிப்பதும் உண்டு. மாடு வளர்ப்பவருக்கு அமிலம் ஆபத்து. அவருக்குக் காலமே மலிவான மருந்து. முற்றிய விதையை உலர்த்தி, ஈரம் படாத இடத்தில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை வைத்திருந்தால் உறக்கம் பெரும்பாலும் தானே கலைந்துவிடும். விதைக்குமுன் ஓரிரவு நீரில் ஊறவைத்தால் தடைப்பொருள்களில் ஒரு பகுதி கரைந்து வெளியேறும். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமாகப் புதைத்தால், இவ்வளவு செய்தும் முளை மேலெழத் திணறும்.

இந்தியாவில் மாட்டைக் காக்கும் இதே கொழுக்கட்டைப் புல், அவுஸ்திரேலியாவிலும் அரிசோனாவிலும் அயற்களையாகப் பரவிக் காட்டுத்தீக்கு எரிபொருளாகிறது. ஆகவே வெளியூர் விதையைத் தருவிப்பதைவிட, செட்டிகுளத்துத் தரவையிலேயே மாடு விரும்பி மேயும் புல்லின் முற்றிய கதிரை உருவிச் சேர்ப்பதே முறை. சேர்த்த விதையில் நூறை எண்ணி, புரட்டாதியில் ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, முளைத்தவற்றைக் கணக்கிட்டு, அதற்கேற்ப விதையளவைக் கூட்டி ஐப்பசி மழையோடு தூவுவது நன்று. முளைத்த புல் வேரூன்றும் வரை அந்த நிலத்தில் மாடு இறங்காமல் அடைத்து வைக்கவும் வேண்டும்.