தேவிகுளத்தின் பெயர் ஒலித்த மண்டபம்

திருவனந்தபுரம் போகிறவர்கள் பத்மநாபசுவாமி கோவிலைப் பார்ப்பார்கள். குழந்தைகள் உடன் வந்தால் மிருகக்காட்சி சாலை. மாலையில் கோவளம் கடற்கரை. இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் கன்னியாகுமரி.

தலைமைச் செயலகத்திற்கும் நம்மவர்கள் போவதுண்டு. ஆனால் பார்ப்பதற்கு அல்ல. கையில் ஒரு மனு இருக்கும். பட்டா, பென்ஷன், ஜாதிச் சான்றிதழ், மாற்றல் உத்தரவு என்று ஏதாவது ஒன்று. மனுவைக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்சைப் பிடிக்கத் தம்பானூருக்கு ஓடி வந்துவிடுவோம்.

அதே வளாகத்தில், நம் ஊர்களின் தலைவிதியைப் பல முறை விவாதித்த ஒரு பழைய மண்டபம் இருக்கிறது. திருவிதாங்கூர் சட்டசபையும், திரு-கொச்சி சட்டசபையும், பிறகு கேரள சட்டசபையும் அங்கேதான் கூடின. அண்மையில் அதைப் பார்க்கப் போனேன். மூணாறில் தேயிலைத் தோட்ட வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் உடன் வந்தார். வழக்கம்போல் அவர் கையிலும் ஒரு மனு இருந்தது.

சிலை முக்கு

பாலக்காட்டில் இரவு ரெயில் ஏறினால் காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கலாம். மூணாறு, குமுளிப் பக்கத்தில் இருந்து வருபவர்களுக்கு அரசு பஸ் இருக்கிறது. ரெயில் நிலையமும் பஸ் நிலையமும் தம்பானூரில் எதிரும் புதிருமாக உள்ளன. மேம்பாலம், ஆயுர்வேதக் கல்லூரி, புளிமூடு வழியாக நடந்தால் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். எதிரே வெள்ளை வெளேர் என்று தூண்களோடு ஒரு மாளிகை தெரியும். அதுதான் தலைமைச் செயலகம்.

அந்த இடத்திற்கு 'ஸ்டாச்சு' என்றே பெயர். சாலையின் எதிர்ப்புறம் நிற்கும் சிலையால் வந்த பெயர் அது. சிலையில் இருப்பவர் சர் டி. மாதவராவ். கும்பகோணத்தில் 1828-ம் ஆண்டு பிறந்து, திருவிதாங்கூருக்குத் திவானாக வந்தவர். அவர் திவானாக இருந்த காலத்தில்தான், என்ஜினீயர் வில்லியம் பார்ட்டன் திட்டத்தின்படி இந்த மாளிகை எழுந்தது. 1865-ல் அடிக்கல் நாட்டி, 1869-ல் முடித்தார்கள். அந்நாளில் இதற்கு ஹஜூர் கச்சேரி என்று பெயர்.

"கும்பகோணத்துக்காரரா! இத்தனை வருஷம் பஸ்சில் 'ஸ்டாச்சு' என்று சொல்லித்தான் சீட்டு வாங்கினேன். யார் சிலை என்று கேட்டதே இல்லை, தம்பி" என்றார் பெரியவர்.

உள்ளே முன்புறத்தில் வேலுத்தம்பி தளவாயின் சிலை நிற்கிறது. அவரது சொந்த ஊரான தலக்குளம் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆக, வாசலிலேயே நமக்கு இரண்டு சொந்தங்கள்!

எட்டுப் பேர் சபை

திருவிதாங்கூரில் சட்டம் இயற்ற ஒரு சபை 1888-ம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் அதை அமைத்தார். இந்திய சமஸ்தானங்களில் முதல் சட்டசபை இதுதான். அந்த ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி முதல் கூட்டம் நடந்தது. உறுப்பினர்கள் எட்டே பேர். அதில் ஆறு பேர் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். திவான்தான் தலைவர்.

மக்களின் குறைகளைக் கேட்க 1904-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. நிலம் படைத்தவர்களும் வியாபாரிகளும் அதில் முக்கிய இடம் பெற்றனர். அது செயலகத்திற்கு வடக்கே பாளையத்தில் உள்ள விக்டோரியா ஜூபிலி மண்டபத்தில் கூடியது. பள்ளிக்கூட வாசலையும் பொதுச் சாலையையும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறக்கப் போராடிய அய்யன்காளி, 1911-ல் அந்தச் சபையில் நியமன உறுப்பினர் ஆனார். நிலம் இல்லாத தன் மக்களுக்கு நிலம் கேட்டு அங்கே பேசினார். 2019-ல் அந்த மண்டபத்திற்கே அய்யன்காளி மண்டபம் என்று பெயர் சூட்டப்பட்டது. செயலகத்தைப் பார்க்க வருபவர்கள் அதையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நடக்கும் தூரம்தான்.

செயலக வளாகத்தில் சட்டசபைக்கென்று கட்டிய புதிய மண்டபம் 1939-ல் திறக்கப்பட்டது. நாம் பார்க்கப் போனது இதைத்தான்.

உள்ளே நுழைந்தோம்

செயலகம் என்பது வேலை நடக்கும் அலுவலகம். நினைத்தவுடன் உள்ளே போய்விட முடியாது. பெயர், விலாசம், வந்த காரியம் ஆகியவற்றைச் சொல்லி வாசலில் சீட்டு வாங்க வேண்டும். அடையாள அட்டை கையில் இருப்பது நல்லது. மண்டபத்தைப் பார்க்க நாங்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தோம். போக விரும்பும் வாசகர்களும் முன்பே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

வெளியே எப்போதும் கோஷம். கொடி பிடித்தவர்கள், பந்தல் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் என்று நடைபாதை நிறைந்திருக்கும். மண்டபத்திற்குள் காலை வைத்ததும் அந்தச் சத்தம் அடங்கிவிடுகிறது. சபாநாயகர் மேடை. அதற்கு எதிரே உறுப்பினர்களின் ஆசனங்கள். மேலே பார்வையாளர் மாடம். யாரும் பேசாத சபை.

பெரியவர் செருப்பைக் கழற்றப் போனார். "வேண்டாம் அண்ணாச்சி, இது கோவில் இல்லை" என்றேன். "எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை" என்றார்.

மூன்று வாசல்கள்

பாலக்காடு, சித்தூர், தேவிகுளம் மூன்றும் இன்று ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. அன்று அப்படி இல்லை. பாலக்காடு மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. 1956 வரை அதன் பிரதிநிதிகள் சென்னை சட்டசபைக்குப் போனார்கள். சித்தூர் தாலுகா கொச்சி மன்னருக்கு உட்பட்டது. கொச்சி சட்டசபை 1925-ல் தொடங்கி எர்ணாகுளத்தில் கூடியது. அந்தக் கட்டிடத்தில் இன்று அரசு சட்டக்கல்லூரி நடக்கிறது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வாசல் இந்தத் திருவனந்தபுரம் மண்டபம்.

1948 பிப்ரவரியில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை தந்து திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது. இந்தியா முழுவதும் அப்படி ஒரு பொதுத்தேர்தல் நடப்பதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு முன்பே! திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அதில் 14 இடங்களைப் பிடித்தது. ஏ. நேசமணி உள்ளிட்ட தமிழ் உறுப்பினர்கள் இந்த மண்டபத்தில் வந்து அமர்ந்தார்கள். தமிழர் வாழும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றோடு தேவிகுளம், பீர்மேடு பெயர்களும் திரும்பத் திரும்ப ஒலித்தன.

1949 ஜூலை 1-ந் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. சித்தூரின் உறுப்பினர்களும் இந்த மண்டபத்திற்கே வந்தனர்.

1954 தேர்தலில் தமிழ்நாடு காங்கிரசுக்கு 12 இடங்கள் கிடைத்தன. அதே ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து தமிழர்கள் உயிர் இழந்தார்கள்.

1955-ல் மாநில சீரமைப்பு கமிஷன் தன் அறிக்கையைக் கொடுத்தது. தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1-ந் தேதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தோட்டங்களில் உள்ள தமிழர்கள் பிழைப்புக்காக வந்து போகும் கூட்டம் என்பது கமிஷன் எடுத்துக்கொண்ட காரணங்களில் ஒன்று.

இதைச் சொன்னபோது பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் தாத்தா வந்தார், அப்பா வந்தார், நான் பிறந்தேன், என் பேரன் பள்ளிக்கூடம் போகிறான். நாங்கள் எங்கே தம்பி போனோம்?" என்று கேட்டார்.

பழைய கணக்கைத் திறந்து சண்டை போட இதை எழுதவில்லை. எல்லைக் கோடு போட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு இந்தச் சபையில் என்ன கிடைத்தது என்பதே நம் கேள்வி.

முதல் பிரமாணம்

கேரளத்தின் முதல் சட்டசபை 1957-ல் அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 126 பேர். இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதல்-மந்திரி. அந்தச் சபைக்கு எல்லோருக்கும் முன்பாகப் பதவிப் பிரமாணம் எடுத்தவர் எந்தத் தொகுதிக்காரர் தெரியுமா? தேவிகுளம்!

அவர் ரோசம்மா புன்னூஸ். தற்காலிக சபாநாயகராகவும் அவரே இருந்தார். அவர் ஜெயித்தது செல்லாது என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. கேரளத்தின் முதல் இடைத்தேர்தல் அது. ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பகுதி தமிழ்த் தொழிலாளர்கள். ஆகவே, கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் இருந்து பாவலர் வரதராஜன் மலை ஏறி வந்து, தமிழில் பாடிப் பிரசாரம் செய்தார். இசை அமைப்பாளர் இளையராஜாவின் அண்ணன்தான் இவர். ரோசம்மா மீண்டும் ஜெயித்து, இந்த மண்டபத்திற்குள் திரும்பி வந்தார்.

"பாவலர் பாட்டைப் பற்றி எங்கள் அப்பா சொல்லி இருக்கிறார். அந்தப் பாட்டு இங்கே கொண்டு வந்து விட்டதா ஓட்டை!" என்று பெரியவர் அந்த ஆசனங்களை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

நிலமும் மொழியும்

நம்மைத் தொட்ட சட்டங்கள் பல இங்கே நிறைவேறின. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 1971-ம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டம். மூணாறு மலையில் சுமார் 1,37,000 ஏக்கர் நிலம் பழைய குத்தகையில் தேயிலைக் கம்பெனியிடம் இருந்தது. அச்சுத மேனன் மந்திரிசபை கொண்டு வந்த இந்தச் சட்டம் அந்த நிலத்தை அரசுடைமை ஆக்கியது. தோட்டத்திற்குத் தேவையான நிலம் கம்பெனிக்கு. மீதி நிலத்தில் விவசாயிகளுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் பங்கு என்பது நோக்கம். 1972-ல் சுப்ரீம் கோர்ட்டும் இந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனாலும் ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்ற கவலை தோட்டத் தொழிலாளியை விட்டுப் போகவில்லை. பெரியவர் கையில் இருந்த மனுவும் மூன்று சென்ட் நிலம் கேட்டுத்தான்.

இரண்டாவது, 1969-ம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் செயலகத்திற்கும், துறைத் தலைவர்களுக்கும், தங்கள் பகுதியில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம்; பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்ற உரிமை அதன் வழியே கிடைத்தது. 2025-ல் சட்டசபை மலையாள மொழி மசோதாவை நிறைவேற்றியபோதும் இந்தப் பாதுகாப்பு அதில் இடம் பெற்றது.

இதைக் கேட்டதும் பெரியவர் பையில் இருந்த மனுவை எடுத்தார். அழகான மலையாளத்தில் இரண்டு பக்கம். அவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. ஊரில் ஒருவருக்குப் பணம் கொடுத்து எழுதி வாங்கியது. "இதில் என்ன எழுதி இருக்கிறது என்று எனக்கே தெரியாது தம்பி. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது" என்றார்.

புதிய மாளிகை

ஆசனங்கள் பெருகப் பெருக மண்டபத்தில் இடம் போதவில்லை. 1977-ல் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் எண்ணிக்கை 140 ஆனது. 1982-ல் கருணாகரன் மந்திரிசபைக்கும் எதிர்க்கட்சிக்கும் ஓட்டுகள் சமமாக நிற்க, சபாநாயகர் ஏ.சி. ஜோஸ் தமது ஓட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு மந்திரிசபையைக் காப்பாற்றிய கூத்தும் இங்கேதான் நடந்தது. 1998 மே 22-ந் தேதி புதிய சட்டசபை மாளிகையை ஜனாதிபதி கே.ஆர். நாராயணன் திறந்து வைத்தார். அதன் பிறகு பழைய மண்டபம் ஓய்வு பெற்றது. புதிய சபையில் 2021-ம் ஆண்டு தேவிகுளம் உறுப்பினர் ஏ. ராஜா தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

மண்டபத்தை விட்டு வெளியே வந்தோம். பெரியவர் நேரே மனுக் கொடுக்கும் இடத்திற்குப் போகவில்லை. எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார். என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். "ஐயா, வணக்கம்" என்று தொடங்கித் தமிழில் தன் கையால் எழுதினார். மெதுவாக, எழுத்துக் கூட்டி, ஒரு பக்கம். முடித்ததும் தானே ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டார்.

மனுவை வாங்கிக்கொண்ட அலுவலர் தாளைத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முத்திரை குத்தி, எண் போட்ட ரசீதைக் கொடுத்தார். அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார் பெரியவர்.

"நிலம் கிடைக்குமோ என்னவோ, தம்பி. பதில் தமிழில் வந்தால் யாரிடமும் கொண்டு போகாமல் நானே படிப்பேன்" என்றார்.

மூணாறு பஸ்சுக்கு இன்னும் நேரம் இருந்தது. அய்யன்காளி மண்டபத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் பாளையம் நோக்கி நடந்தோம்.