வரி கட்டுகிறவர்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

ஊராட்சி மன்றம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கார்க் கண்ணாடியில் செருகியிருக்கும் அபராதச் சீட்டுதான். அடுத்து, கடை உரிமம். குப்பை அள்ளவில்லை, கால்வாய் அடைத்துக்கொண்டது என்றால் மன்றத்தின் தொலைபேசி எண்ணைத் தேடுவார்கள். மற்ற நாள்களில் அப்படி ஒரு மன்றம் இருப்பதே மறந்துபோகும்.

ஆனால் கடை வைத்திருப்பவரின் பிழைப்பு, வீட்டு வாசலில் நிற்கும் கார், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் சாலை ஆகிய மூன்றிலும் அந்த மன்றத்தின் கை இருக்கிறது. எந்த முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று தெரியாததால் நம்மவர்கள் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். கல்வி இலாகாவிடம் கேட்க வேண்டியதை நகராண்மைக் கழகத்திடமும், நகராண்மைக் கழகத்திடம் கேட்க வேண்டியதை நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதற்குள் சட்டம் கொடுத்த கெடு முடிந்துபோகிறது. இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஓட்டுப் போடாமல் அமையும் மன்றம்

மலேசியாவில் மூன்றடுக்கு ஆட்சி நடக்கிறது. கூட்டரசு, மாநிலம், ஊராட்சி. முதல் இரண்டுக்கும் மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். மூன்றாவதற்கு இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1951-இல் ஜார்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரிலும் நடந்தது. 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் டி.எஸ்.இராமநாதன். பினாங்கில் இன்றும் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

இந்தோனேசியாவுடன் முறுகல் நிலவிய காலத்தில், 1965 மார்ச் மாதம், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. நிலைமை சீரானதும் மீண்டும் நடக்கும் என்பதே அப்போதைய பேச்சு. ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய அதே ஆண்டில் ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் செனட்டர் ஆதி நாகப்பன். 1968-இல் முடிந்த அறிக்கை, தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது 171-ஆவது சட்டம், ஊராட்சித் தேர்தல் பற்றிய விதிகள் அனைத்தும் செல்லாது என்று முடித்து வைத்தது. பினாங்கு மாநிலம் 2012-இல் தேர்தலுக்காகத் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது.

ஆகவே இன்று தீபகற்ப மலேசியாவில் மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. மேயர் அல்லது தலைவரோடு 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்கள் இருக்கலாம். ஒருவரின் தவணை 3 ஆண்டுகளுக்கு மேற்படக்கூடாது. கோலாலம்பூரின் நிலை வேறு. அங்கே நகராண்மை உறுப்பினர் என்பவரே இல்லை. மாநகர் மன்றம் மத்திய அரசின் கீழ் இயங்குகிறது. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

ஓட்டு இல்லை என்பதால் உரிமையே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. அந்த உரிமைகள் தேர்தல் நாளன்று தேடி வருவதில்லை. அறிவிப்புக் கடிதங்களிலும் அரசிதழிலும் சத்தமில்லாமல் இருக்கின்றன.

வாகன நிறுத்துமிடம்: எய்தவன் யார்?

அபராதச் சீட்டை எழுதும் அமலாக்க அதிகாரியிடம் சண்டை போடுகிறவர்களைப் பார்க்கிறோம். எய்தவன் இருக்க அம்பை நோவதில் பயனில்லை. மணிக்கு எவ்வளவு கட்டணம், எந்தச் சாலையில் கட்டணம், எத்தனை மணி வரை என்பதையெல்லாம் அவர் முடிவு செய்வதில்லை. அவை மன்றக் கூட்டத்திலும் மாநில அரசு மட்டத்திலும் முடிவாகின்றன. கட்டணத்தை வசூலிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதும் அப்படித்தான். 2025-இல் சிலாங்கூரில் சில மன்றங்களின் சாலையோர வாகன நிறுத்தத்தைத் தனியார் நிர்வாகத்திடம் கொடுக்கும் திட்டம் வந்தபோது பெரும் விவாதம் எழுந்தது. விவாதித்தவர்கள் பேசியது அபராதச் சீட்டைப் பற்றியல்ல, மன்றத்துக்கு வர வேண்டிய வருமானத்தில் எவ்வளவு வெளியே போகிறது என்பதைப் பற்றி. வருமானம் குறைந்தால் சாலையும் கால்வாயும் அதன் விலையைக் கொடுக்கும் என்பதால் அது சரியான கேள்விதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. 'கம்பவுண்ட்' என்பது நீதிமன்றத் தண்டனை அல்ல. குறிப்பிட்ட தொகையைக் கட்டினால் வழக்குத் தொடுக்காமல் விஷயத்தை முடித்துக்கொள்கிறோம் என்று மன்றம் தரும் வாய்ப்பு அது. கட்ட மறுப்பவர் நீதிமன்றத்தில் தம் பக்க நியாயத்தைச் சொல்லலாம். ஆனால் சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டால் அது மறைந்துபோகாது. நீதிமன்ற அழைப்பாணையாகத் திரும்பி வரலாம். அப்போது செலவும் அலைச்சலும் கூடும்.

கடை வரிசையில் கார் நிறுத்த இடமே இல்லை என்ற புகாருக்கு வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஒரு கட்டடத்துக்கு எத்தனை நிறுத்துமிடங்கள் வேண்டும் என்பது அது எழும்புவதற்கு முன்பே, திட்ட அனுமதி கொடுக்கும் போதே முடிவாகிவிடுகிறது. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தயாராகும் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபங்களையும் கேட்க வேண்டும். அத்தகைய திட்டம் இன்னும் இல்லாத வட்டாரமாக இருந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். அது கிடைத்ததிலிருந்து 21 நாள்களுக்குள் அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கட்டடம் எழும்பி, கடைகள் திறந்து, சாலை நெரிசலாகிப் போன பிறகு மனு எழுதுவதைவிட அந்த 21 நாள்களில் எழுதும் ஒரு பக்கக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

வியாபார உரிமம்: பதிவு வேறு, உரிமம் வேறு

சிறு வியாபாரிகள் இங்கேதான் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள். எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் பெயரைப் பதிந்து சான்றிதழ் வாங்கியவுடன் கடையைத் திறந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது வியாபாரத்தின் பெயருக்கும் உரிமையாளருக்கும் உள்ள பதிவு மட்டுமே. குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட தொழிலை நடத்த அனுமதி தருவது ஊராட்சி மன்றத்தின் உரிமம். கடை இடம் மாறினாலோ, மளிகைக் கடை உணவகமாக மாறினாலோ மன்றத்திடம் மறுபடியும் போக வேண்டும். பெயர்ப்பலகைக்கும் அனுமதி தேவை. அதில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்பது மன்றங்களின் விதி. உணவகம் என்றால் உணவைக் கையாளுவோருக்கான பயிற்சியும் தைபாய்டு தடுப்பூசியும் சேர்ந்துகொள்ளும்.

171-ஆவது சட்டத்தின் 107-ஆவது பிரிவை வியாபாரிகள் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும். உரிமத்தை 3 ஆண்டுகளுக்கு மேல் செல்லுபடியாகும்படி கொடுக்க முடியாது. அதைக் கடையில் கண்ணில் படும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். இவை சாதாரண விஷயங்கள். அடுத்தவைதான் கவனிக்க வேண்டியவை. மன்றம் காரணம் சொல்லாமலே உரிமத்தை எந்த நேரத்திலும் ரத்து செய்யலாம். காரணம் சொல்லாமலே புதிய உரிமத்தையோ புதுப்பிப்பையோ மறுக்கலாம். ரத்தானதால் ஏற்படும் நஷ்டத்துக்கு இழப்பீடும் கேட்க முடியாது.

வாழ்நாள் சேமிப்பைப் போட்டு ஓர் இலை உணவகம் திறந்தவருக்கு இது என்ன பொருள் தரும்? அவர் சமையலறைக்கும் மேசை நாற்காலிக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்திருப்பார். அதற்குப் பிறகு உரிமம் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பணம் திரும்பி வராது. எனவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, அந்தக் கடையில் அந்தத் தொழிலுக்கு அனுமதி உண்டா என்று மன்றத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. முன்பு அங்கே உணவகம் இருந்தது என்று கட்டட உரிமையாளர் சொல்லும் வாய்மொழி போதாது. வேறொருவர் பெயரில் உள்ள அங்காடி உரிமத்தை வாடகைக்கு எடுத்து வியாபாரம் செய்வது அதைவிட ஆபத்து. சோதனையில் பிடிபட்டால் போவது இருவரின் பிழைப்பும்.

மன்றத்தின் அதிகாரம் பெரியது, ஆனால் எல்லையற்றது அல்ல. பொது அதிகாரம் எதுவும் தன்னிச்சையாக இயங்க முடியாது என்பதை மலேசிய நீதிமன்றங்கள் 1979-இல் வந்த ஸ்ரீ லெம்பா வழக்கின் தீர்ப்பிலிருந்தே வலியுறுத்தி வருகின்றன. நேர்மையற்ற முறையிலோ சம்பந்தமில்லாத காரணத்துக்காகவோ உரிமம் மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதி மறுஆய்வு கோரலாம். அதற்கும் கெடு உண்டு, 3 மாதம். அங்கும் இங்கும் பரிந்துரைக் கடிதம் தேடியே அந்த 3 மாதங்களைத் தொலைப்பவர்கள் பலர்.

பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து?

கூட்டரசு அரசியல் சாசனத்தின் 9-ஆவது அட்டவணை வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கல்வி மத்திய அரசுக்கு. நிலமும் ஊராட்சியும் மாநிலத்துக்கு. ஆகவே தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் சம்பளத்தையோ பள்ளியின் தலைக்கட்டு மானியத்தையோ நகராண்மைக் கழகம் கொடுப்பதில்லை. அவை கல்வி அமைச்சிலிருந்து வருகின்றன.

சிக்கல் கட்டடத்தில்தான் வருகிறது. அரசாங்க நிலத்தில் உள்ள பள்ளி முழு உதவி பெறும். தோட்டத்துக்கோ தனியார் வாரியத்துக்கோ சொந்தமான நிலத்தில் உள்ள பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளியாகவே இருந்துவிடுகிறது. அங்கே ஆசிரியர் சம்பளம் வரும். கூரையைப் பழுதுபார்க்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் விருந்து நடத்தி நிதி திரட்ட வேண்டியிருக்கும். 2008-க்குப் பிறகு பினாங்கு, சிலாங்கூர் மாநில அரசுகள் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் ஒதுக்கத் தொடங்கியது இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. ஆனாலும் அது மாநில அரசின் நல்லெண்ணத்தால் வருவது, சட்டப்படி கேட்டுப் பெறும் தொகை அல்ல.

அப்படியானால் ஊராட்சி மன்றத்துக்கும் பள்ளிக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. பகுதி உதவி பெறும் பள்ளியில் புதிய கட்டடம் கட்ட வரைபட ஒப்புதல் தருவது மன்றம். தாமானுக்குள் செல்லும் சாலை, கால்வாய், நடைபாதை, பள்ளி வாசலில் பெற்றோர் கார் நிறுத்தும் இடம் எல்லாம் அதன் பொறுப்பு. தோட்டத்திலிருந்து பள்ளி புதிய இடத்துக்கு மாறும்போது, பணம் ஒரு கதவிலும், நிலம் இன்னொரு கதவிலும், அனுமதி மூன்றாவது கதவிலும் இருக்கும். ஒன்று தாமதமானாலும் மற்ற இரண்டும் காத்திருக்கும். மூன்று கடிதங்களும் ஒரே சமயத்தில் போக வேண்டும் என்பதைப் பள்ளி வாரியங்கள் நினைவில் வைப்பது நல்லது.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் இருக்கிறது. 171-ஆவது சட்டத்தின் 134-ஆவது பிரிவு, லாப நோக்கமின்றி வழிபாட்டுத் தலமாகவோ பொதுப் பள்ளியாகவோ மட்டுமே பயன்படும் சொத்துக்கு மதிப்பீட்டு வரியிலிருந்து விலக்கு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. மாநில அரசு கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே கேட்பதற்கு ஆள் வேண்டும். வரி பாக்கி சேர்ந்த பிறகு ஓடுவதைவிட, ஆலய நிர்வாகமும் பள்ளி வாரியமும் முதலிலேயே விண்ணப்பித்து வைப்பது புத்திசாலித்தனம்.

கடிதத்தில் உள்ள தேதி

மன்றத்தின் பணத்தில் பெரும் பகுதி 'சுக்காய் பிந்து' எனப்படும் மதிப்பீட்டு வரியிலிருந்து வருகிறது. நில அலுவலகத்துக்குப் போகும் நிலவரி வேறு. மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரி முடிவுக்குள்ளும் ஆகஸ்ட் முடிவுக்குள்ளும் கட்ட வேண்டியது. சொத்தின் ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு கணக்கிட்டால் அதில் 35 விழுக்காட்டுக்கு மேல் வரி போகக்கூடாது என்பது சட்ட உச்சவரம்பு.

5 ஆண்டுக்கு ஒரு முறை மதிப்பீட்டுப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். மாநில அரசு அதைத் தள்ளிப்போடலாம். பல இடங்களில் நெடுங்காலம் தள்ளிப்போனது. 2025 ஜனவரியில் சிலாங்கூரில் வரி உயர்ந்தபோது மக்கள் திடுக்கிட்டதற்குக் காரணம் அதுதான். புதிய மதிப்பீடு அதிகம் என்று கருதுபவர், பட்டியல் மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பு எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். மன்றத்தின் முடிவில் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். கெடுவுக்குள் ஆட்சேபிக்காதவருக்கு அந்த வழி கிடைப்பது கடினம்.

அறிவிப்பு மலாய் மொழியில் இருக்கிறது, சட்ட நடையில் இருக்கிறது என்பதற்காக வயதான பெற்றோர் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவதுண்டு. வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் அதைப் பிரித்து, தேதியை மட்டும் நாள்காட்டியில் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மன்றத்தின் முழுக் கூட்டங்களைப் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் பார்வையிடலாம் என்று 23-ஆவது பிரிவு சொல்கிறது. தனியாக விவாதிக்க வேண்டும் என்று மன்றம் தீர்மானித்தால் மட்டுமே அது பொருந்தாது. குடியிருப்பாளர் சங்கங்கள் மாதம் ஒருவரை அங்கே அனுப்பி வைக்கலாம். தங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பான உறுப்பினர் யார், அவர் என்ன பேசினார் என்று அறிந்து வந்து அடுத்த கூட்டத்தில் சொல்ல ஒருவர் போதும்.