கைவிட்ட கட்சியும் கைவிடாத கணக்கும்

தேர்தல் நெருங்கும் வேளையில் தன் வேட்பாளர் மீது கடுமையான குற்றச்சாட்டு எழுந்தால் ஓர் அரசியல் கட்சி என்ன செய்ய வேண்டும்? 'அவரைக் கைவிட வேண்டும்' என்று சொல்வது எளிது. அதற்குக் கொடுக்க வேண்டிய விலையைக் கணக்கிடும்போதுதான் கட்சிகள் தடுமாறுகின்றன. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2017-இல் நடைபெற்ற செனட் இடைத்தேர்தல் இதற்குத் தக்க சான்று.

குடியரசுக் கட்சியின் கோட்டையான அந்த மாநிலத்தில், முந்தைய ஆண்டுதான் டிரம்ப் ஏறத்தாழ 28 சதவீத வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். வேட்பாளர் ராய் மூர், மாநிலத்தின் முன்னாள் தலைமை நீதிபதி. கட்சித் தலைமை விரும்பியது வேறொருவரை. ஆனால், அங்கே வேட்பாளரை இறுதி செய்வது தலைமை அல்ல. உள்கட்சித் தேர்தலில் வாக்களிக்கும் மக்கள். அதில் மூர் வென்றார்.

வாக்குப்பதிவு டிசம்பர் 12. நவம்பர் 9 அன்று 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் அதிர்ச்சியூட்டும் செய்தியை வெளியிட்டது. 1979-இல், தனக்கு 14 வயதாக இருந்தபோது, அப்போது 32 வயதான மூர் தன்னிடம் பாலியல் நோக்கில் தவறாக நடந்துகொண்டார் என்று ஒரு பெண் கூறியிருந்தார். வேறு சில பெண்களும் பேசினர். மூர் அனைத்தையும் மறுத்தார்.

கட்சி விரைந்து செயல்பட்டது. மறுநாளே செனட் தேர்தல் குழு அவருடனான நிதி திரட்டும் ஏற்பாட்டிலிருந்து விலகியது. செனட் பெரும்பான்மைத் தலைவர் மெக்கானல், அப்பெண்களைத் தாம் நம்புவதாகவும் மூர் விலக வேண்டும் என்றும் கூறினார். நவம்பர் 14 அன்று தேசியக் குழுவும் விலகியது. ஆனால், தேர்தலுக்கு 76 நாள்களுக்கு முன்பே பெயரை நீக்குவதற்கான கெடு மாநிலச் சட்டப்படி முடிந்துவிட்டது. வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரோடு மூரின் பெயர் அப்படியே நின்றது. கட்சியால் திரும்பப் பெற முடிந்தது பணத்தையும் ஆள்பலத்தையும் மட்டுமே.

பொருளியல் மாணவர்களுக்கு நான் முதலில் கற்பித்த பாடங்களில் ஒன்று 'வாய்ப்புச் செலவு'. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் இழக்கும் மற்றொன்றின் மதிப்பே அதன் உண்மையான விலை. கொள்கைக்கும் இது பொருந்தும். அன்றைய செனட்டில் குடியரசுக் கட்சியின் பலம் 52. எதிர்த்தரப்பின் பலம் 48. டிசம்பர் 2 அன்று வரிக்குறைப்பு மசோதா 51-49 என்ற வாக்குகளில்தான் நிறைவேறியது. ஓர் இடத்தின் விலை அப்போது அனைவருக்கும் தெரிந்தது.

அடுத்த இரண்டே நாளில் அதிபர் டிரம்ப் மூருக்கு வெளிப்படையாக ஆதரவு அளித்தார். அவர் முன்வைத்த காரணமே அந்த வரி மசோதாதான். அன்றே தேசியக் குழுவும் மூரிடம் திரும்பியது. விலகியதற்கும் திரும்பியதற்கும் இடையே இருபது நாள்கள். அந்த நாள்களில் எந்தக் குற்றச்சாட்டும் திரும்பப் பெறப்படவில்லை. எதுவும் பொய்யென நிறுவப்படவில்லை. மாறியது கணக்கு மட்டுமே.

எல்லோரும் திரும்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செனட் தேர்தல் குழு கடைசி வரை விலகியே நின்றது. அலபாமாவின் மூத்த செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி, வாக்குச்சீட்டில் வேறொரு குடியரசுக் கட்சிக்காரரின் பெயரை எழுதி வாக்களித்ததாக அறிவித்தார்.

முடிவில் ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் 21,924 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இருவருக்கும் வாக்களிக்காமல் வேறு பெயரை எழுதியவர்கள் 22,852 பேர். கட்சியின் தேசியக் குழுவால் இருபது நாள்கூடக் கட்டிக்காக்க முடியாத நிலைப்பாட்டை அவர்களில் பலர் வாக்குச்சாவடி வரை கொண்டு சென்றிருக்க வேண்டும்.

நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டுக்காக ஒருவரைக் கைவிடலாமா என்ற கேள்வி நியாயமானது. ஒருவரைச் சிறைக்கு அனுப்ப, ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவை. ஆனால், செனட் பதவி எவருடைய பிறப்புரிமையும் அல்ல. அது நம்பிக்கையின் பேரில் தரப்படுவது. அந்த நம்பிக்கையை அளக்கும் கோல், இடத்தின் விலைக்கேற்ப நீளவும் குறுகவும் கூடாது.

கொள்கையில் நின்றிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய இழப்புதான் எவ்வளவு? ஜோன்ஸ் பதவியேற்கும் முன்பே வரி மசோதா சட்டமாகிவிட்டது. 2020 தேர்தலில் அதே இடத்தை ஏறத்தாழ 20 சதவீத வித்தியாசத்தில் கட்சி மீட்டது. ஆக, மூன்று ஆண்டுகளுக்கு ஓர் இடம், அவ்வளவே. திரும்பிப் போயும் அந்த இடம் கிடைக்கவில்லை. விலகியதால் கிடைத்த நற்பெயரும் மிஞ்சவில்லை.

ஒரு கட்சி தன் வேட்பாளரைக் கைவிட்டதாக அறிவிக்கும் நாளில் நாம் கைதட்ட வேண்டியதில்லை. அந்த இடத்தின் விலை ஏறும் நாளில் அது எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும்.